முப்பத்தைந்து எடுத்தால் பாஸ்

எங்கள் வீட்டு லேப்டாப்பைக் கெடுத்தது நான்தான். இதை இதுவரை ஒரே ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அவள் என்னைத் திட்டவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இப்போது எழுதுகிறேன்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசுப் பள்ளியில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் அது. பனமலைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டில் அதற்கு இருந்த மரியாதை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அம்மா தன் பழைய பட்டுப்புடவையைக் கிழித்து அதற்கு உறை தைத்துப் போட்டிருந்தாள். நான் அந்த உறையைத் தொட்டாலே கையைக் கழுவினாயா என்று கேட்பாள். அக்கா விழுப்புரத்தில் பி.காம் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரத்தைப் பற்றி நாற்பது பக்கத்துக்கு ஒரு ப்ராஜெக்ட். அதை அந்த லேப்டாப்பில்தான் அடித்து வைத்திருந்தாள். பூஜை விடுமுறை முடிந்து பத்து நாளில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ஃபெயில். ஃபெயிலானால் படித்தது போதும், மாப்பிள்ளை பார்க்கிறேன் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். அப்பா சொன்னால் செய்கிறவர்.

ஆயுத பூஜை அன்று மண்வெட்டி, அரிவாள், அம்மாவின் தையல் மெஷின், சித்தப்பாவின் ஸ்பானர் பெட்டி எல்லாம் கூடத்தில் வரிசையாகச் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. சித்தப்பா பம்பு செட் மோட்டார் ரிப்பேர் செய்பவர். எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் என்ஜினியர். அக்கா வாழை இலை அறுக்கத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். லேப்டாப்பை எடுத்து வரும்படி அம்மா எனக்கு உத்தரவு போட்டாள். கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தாள். பூஜையில் வைக்கிற சாமான் எதுவும் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது, மறுநாள் காலை வரை அதற்கும் ஓய்வு.

ஆனால் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஆங்கிலத்தில் ஏதோ இரண்டு வரி. நான்காம் வகுப்புப் படித்த எனக்கு அதில் புரிந்தது எண் மட்டும்தான். முப்பத்து மூன்று சதவீதம் என்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் முப்பத்து நான்கு ஆனது. நல்ல நேரம் போகிறது என்று அம்மா கூடத்திலிருந்து கத்தினாள். நான் ஒன்றும் அவசரக்காரி இல்லை. முப்பத்தைந்து வரும்வரை பொறுத்திருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். பாஸானபிறகு அதற்குமேல் அதற்கு என்ன வேலை என்று பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தேன். திரை கறுத்தது. மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா மேலே மூன்று சந்தனப் பொட்டு வைத்தாள்.

மறுநாள் அக்கா அதைத் திறந்தபோது வட்டம் சுற்றியது, நின்றது, கறுத்தது, மறுபடி முதலிலிருந்து சுற்றியது. உள்ளே போகவே மாட்டேன் என்றது. அக்கா தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் நின்று பொரியைத் தின்றுகொண்டிருந்தேன். பொத்தான் விஷயம் வாய் வரை வந்தது. பொரியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

சித்தப்பா லேப்டாப்பைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு முகர்ந்து பார்த்தார். சந்தனத் தண்ணி உள்ளே இறங்கிவிட்டது என்று தீர்ப்பு சொன்னார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், காய வைப்பது. மாடியில் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து அதைக் கவிழ்த்து வைத்தார். காக்காய் வராமல் பார்த்துக்கொள்ள என்னைக் காவல் போட்டார். குற்றம் செய்தவளையே காவல் வைத்த ஒரே வழக்கு அதுவாகத்தான் இருக்கும். மாலைவரை காய்ந்ததில் மல்லாட்டைக்குப் பலன் இருந்தது. லேப்டாப் சூடானது, அவ்வளவுதான்.

விழுப்புரத்தில் அவருக்குத் தெரிந்த கடை பூஜைக்காக மூடியிருந்தது. திண்டிவனத்தில் மோட்டார் சாமான் வாங்குகிற இடத்துக்கு மேல்மாடியில் ஒரு லேப்டாப் கடை இருப்பது சித்தப்பாவுக்கு நினைவு வந்தது. சனிக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறினோம். அக்காவைத் தனியாக அனுப்பமாட்டார்கள் என்பதால் சித்தப்பா. சித்தப்பா வழியில் யாரிடமாவது பேசிக்கொண்டு நின்றுவிடுவார் என்பதால் நான்.

கடைக்காரர் சின்ன வயசுக்காரர்தான். லேப்டாப்பின் முதுகைக் கழற்றி, உள்ளிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார்.

“தண்ணியெல்லாம் ஒன்னும் போவலைங்க. அப்டேட் ஆய்க்கினு இருக்கும்போது யாரோ நடுவுல ஆஃப் பண்ணிக்கிறாங்க. எத்தினி மணிக்கு ஆஃப் ஆச்சின்றதுகூட இதுல இருக்கும்.”

நான் அக்காவை ஒட்டி நின்றுகொண்டேன். சித்தப்பா எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார். அப்போது அக்கா முகம் தெளிந்திருந்தது. ஏனென்றால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும், ஆனால் உள்ளே இருப்பதை அதற்கு முன்னால் வெளியே எடுத்துவிடலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். திரையில் மஞ்சள் மஞ்சளாகப் பெட்டிகள் வந்தன.

“ப்ராஜெக்ட்டுனு ஒன்னு கீது. தொறந்து காட்டட்டா? உள்ள போட்டோவெல்லாம்கூட கீதுபோல.”

“தொறப்பா, நானும் பாக்கறேன். என்னா எழுதிக்கீதுன்னு பார்ப்போம்” என்று சித்தப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“வேணாண்ணா” என்றாள் அக்கா. “எதுவும் வேணாம். எல்லாத்தையும் அழிச்சிடுங்க.”

கடைக்காரர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். சித்தப்பா பதறிப்போனார். “இன்னாம்மா பேஜாரு பண்ற? அதுக்குத்தான அழுதுக்கினு இருந்த?”

அது பழசு சித்தப்பா, தப்புத்தப்பாக இருக்கிறது, புதிதாகவே அடித்துக்கொள்கிறேன் என்று அக்கா சொன்னாள். அவள் கை என் தோளில் இருந்தது. அழித்த பிறகு யாராலும் திரும்ப எடுக்க முடியாதுதானே என்று கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டாள். ஒன்றுகூட மிஞ்சாது என்று அவர் உறுதி சொன்னார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எத்தனை மணிக்கு அணைத்தார்கள் என்பது அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. அந்த நேரத்தில் அக்கா தோட்டத்தில் இருந்தாள், ஆகவே அணைத்தது நான்தான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்தான் நாற்பது பக்கத்தையும் தண்ணீரில் விட்டுவிட்டாள். உலகத்தில் இப்படி ஒரு அக்கா யாருக்கும் இருக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ப்ராஜெக்டை அவள் எட்டு நாளில் மறுபடி அடித்தாள். விவசாயிகளிடம் எழுதி வாங்கிய தாள்களை நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். பாஸும் ஆனாள். அப்பாவும் தன் பங்குக்கு இரண்டு வருடம் கழித்து மாப்பிள்ளை பார்த்தார். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன வருடம் என் ஆபீஸ் லேப்டாப் அதே மாதிரி வட்டம் சுற்றி நின்றபோது, அவளுக்கு போன் செய்து பழைய கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. யாரும் தேடமாட்டார்கள் என்று அந்த ப்ராஜெக்ட் பெட்டிக்குள் ஒரு படத்தை வைத்திருந்ததாகச் சொன்னாள். கல்லூரியிலிருந்து ஒருமுறை பனமலைக்குப் போனபோது கோயில் படிக்கட்டில் எடுத்தது. அவளும் கூடப்படித்த ஒருவனும். வேறு எங்கேயும் அதற்குப் பிரதி கிடையாது. அவன் எங்கள் ஊர்க் காலனிப் பையன். அவன் அம்மா எங்கள் நிலத்துக்குக் களை எடுக்க வருகிறவர். சித்தப்பாவுக்கு முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டியவர். அவர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அவனை என்ன செய்திருப்பார்கள் என்று நான் அக்காவிடம் கேட்கவில்லை.

அன்று திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது சித்தப்பா முன்னால் கண்டக்டரோடு பேசிக்கொண்டு நின்றார். நானும் அக்காவும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். லேப்டாப் பட்டு உறைக்குள் அவள் மடியில் இருந்தது. அவள் காதோடு காதாகப் பொத்தான் விஷயத்தைச் சொன்னேன். முப்பத்தைந்தையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. என் தலையைத் தடவினாள். பிறகு, “நெசமாவே எல்லாம் போயிருக்குமா பாப்பா?” என்று கேட்டாள்.

என் பொருட்டு இன்னும் பயந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அவளைத் தேற்ற வேண்டியது என் கடமை என்று பட்டது.

“எல்லாம் போயிருக்கும்க்கா. ஒண்ணுகூட மிஞ்சாதுன்னு அந்த அண்ணன் சொன்னாரில்ல” என்றேன், சந்தோஷமாக.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்கள் ஊர் வரும்வரை திரும்பவில்லை.