பென்சிலில் இட்ட காற்புள்ளிகள்

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினரே, நண்பரே, உங்களைச் சாட்சியாக வைத்துத் தொடங்குகிறேன். மேடைகளில் நான் வென்றதைக் கண்டீர்கள், கைதட்டினீர்கள். உங்களில் பலர் அறியாத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

அக்கா அவர்கள் கீரமங்கலத்தை அடுத்த எங்கள் சிற்றூரில், பூ விவசாயம் செய்யும் குடும்பத்தில் தலைமகளாகப் பிறந்தார். அப்பா மறைந்தபோது கல்லூரியை முதலாண்டிலேயே விட்டார். ஆங்கிலத் தட்டச்சில் ஹையர் தேர்வு வரை தேறி, ஆலங்குடியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தார். அவர் அடித்துத் தந்த மனுக்களில் ஒரு காற்புள்ளிகூட இடம் மாறியிருக்காது. என்னைப் படிக்கவைத்தவை அந்த விரல்கள்தாம்.

என் ஆங்கில உரைகளை முதலில் அவரிடமே காட்டுவேன். மூச்சு வாங்கும் இடமெல்லாம் காற்புள்ளி, உணர்ச்சி பொங்கும் இடமெல்லாம் வியப்புக்குறி என்று எழுதுவது என் வழக்கம். அக்கா சிவப்புப் பேனாவை எடுப்பார்.

“ஏன்டா இம்புட்டுக் கத்துற? படிக்கிறவனுக்குக் காது போயிரும்.”

“மேடையில அப்படித்தான்க்கா பேசுவாங்க.”

“மேடையில பேசு. தாள்ல அடங்கி நில்லு.”

சென்ற ஆண்டு கல்லூரியில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி நடந்தது. எழுதித் தரும் உரைக்கும் மதிப்பெண் உண்டு. முதல் பரிசு எனக்கு. நடுவர் என் தாளை உயர்த்திக் காட்டி, நிறுத்தக்குறிகளின் செம்மையைப் பாராட்டி, “யாரிடம் கற்றாய்?” என்று கேட்டார். ஒலிவாங்கி என் கையில் இருந்தது.

“நானாகவே கற்றேன்” என்றேன்.

அரங்கம் கைதட்டியது. அரைநாள் விடுப்பெடுத்து வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த அக்காவும் கைதட்டினார்.

ஊர் திரும்பும் பேருந்தில் பரிசை அவர்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அடுத்த உரையைத் தந்தபோது சிவப்புப் பேனா வெளியே வரவில்லை. குறிகளெல்லாம் மெல்லிய பென்சிலில் இருந்தன.

“என்னக்கா, பென்சில்ல?”

“மேல ஒன் பேனாவால எழுதிக்கிட்டு அழிச்சிரு. வேற கையி பட்டது தெரியக்கூடாதுல்ல.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் சொன்னபடியே செய்தேன். தொடர்ந்து செய்துகொண்டிருந்தேன்.

பின்னர் அவருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. மருத்துவமனைப் படுக்கையிலும் என் தாளைக் கேட்டு வாங்கினார். கடைசித் தாளில் பாதிப் பக்கம் வரைதான் பென்சில் சென்றிருக்கிறது. மீதியை உரக்கப் படித்துப் பார்க்கிறேன். எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை.

“யாருகிட்டடா பேசுற?” என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்கிறார்.

இரத்தம் தந்த ஊர் இளைஞர்களுக்கும், அழைத்தபோதெல்லாம் காரை எடுத்து வந்த சித்தப்பாவுக்கும், அக்காவின் நாற்காலியில் இன்னும் எவரையும் அமர்த்தாத வழக்கறிஞர் ஐயாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அக்காவின் தகனத்துக்கு மறுநாள் காடாத்துச் சடங்கு முடிந்து உறவினர் கலையும் வேளையில், “மேடையேறுற புள்ள, அக்காவுக்காக ரெண்டு வார்த்த சொல்லுப்பா” என்றார் பெரியப்பா. எழுந்து நின்றேன். நடந்ததை ஒளிக்காமல் கூறிவிட்டு, அங்கிருந்தோர் அனைவரும் கேட்க உரத்துச் சொன்னேன்:

“காலேஜு தொறந்ததும் அதே மேடையில ஏறுவேன். அன்னைக்கு நான் சொன்னது பொய்யி, கத்துக்குடுத்தது எங்க அக்கான்னு சொல்லுவேன். பரிசத் திருப்பிக் கேட்டா, குடுத்துட்டு வாரேன்.”