போயிட்டு வரோம் என்று சொன்ன வெள்ளிக்கிழமை

செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டியதும் இருக்கிறது நாங்கள் வேலை செய்யும் கெஸ்ட் ஹவுஸ். எனக்குச் சமையல், மணிமொழிக்கு வரவேற்பு மேசை. அவளுடைய ஊர் அடி அண்ணாமலை. பன்னிரண்டாவது முடித்த கையோடு இங்கே வந்தவள், அன்றிலிருந்து அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். அவள் பேசுகிற இங்கிலீஷ் எந்த வகுப்பிலும் கற்றது இல்லை. வெந்நீர் வரவில்லை, கொசுவலை கிழிந்திருக்கிறது என்று மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறவர்களிடம் பேசிப் பேசி வந்தது.

அறையைக் காலி செய்துகொண்டு கிளம்புகிறவர்கள், "ஊருக்குப் போனதும் எழுதுகிறேன்" என்று அவளிடம் சொல்வார்கள். கட்டிப்பிடித்துச் சொல்வார்கள். சிலர் அழுதுகொண்டே சொல்வார்கள். மணிமொழி அதை அப்படியே நம்புவாள். கொஞ்ச நாள் போனை அடிக்கடி எடுத்துப் பார்ப்பாள். பிறகு பார்ப்பதை விட்டுவிடுவாள். அடுத்தவர் வந்து சொன்னால் மறுபடியும் நம்புவாள்.

"இன்னா மணி, லண்டன்காரம்மா எழுதினாங்களா?" என்று நான் சீண்டுவேன்.

"அவங்களுக்கு வேலை ஜாஸ்திக்கா" என்பாள்.

சொன்னபடி எழுதியவர் இல்ஸே ஒருவர்தான். லாட்வியா என்கிற நாட்டில் ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. போய்ச் சேர்ந்த அன்றே எழுதினார். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. அப்படி எழுதிக்கொண்டபோதுதான் இருவருக்கும் ஒரு யோசனை பிறந்தது. அங்கே ஒரு வகுப்பு, இங்கே ஒரு வகுப்பு. அங்கத்திய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு ஜோடி. வாரம் ஒருநாள் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வேண்டும். ஜோடி ஜோடியாகச் சேர்ந்து ஒரு சின்னப் படம் எடுக்க வேண்டும். உங்கள் ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் படம்.

கேட்கச் சுலபமாக இருந்தது. ஆனால் மணிமொழியின் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் ராமதாஸ் சார் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "பொம்பளப் புள்ளைங்க மொகத்த எடுத்து எங்கனா போட்டுட்டான்னா யாரும்மா பதில் சொல்றது?" என்று கேட்டார்.

"நான் சொல்றேன் சார்."

"உன்ன நம்பித்தான் விடறேன். அந்தச் சீமைக்காரங்கள எனக்குத் தெரியாது."

பள்ளிக்கூடத்தில் இன்டர்நெட் நிலையாக நிற்காது. எங்கள் ஓனர் முருகவேல் அண்ணனைப் பிடித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் ஹாலைக் கேட்டு வாங்கினாள். நமக்கு ஐந்து என்றால் அவர்களுக்கு மதியம் ஒன்றரை. பிள்ளைகள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். ஒரு பக்கம் ராமதாஸ் சார், ஒரு பக்கம் முருகவேல் அண்ணன், கடலுக்கு அந்தப் பக்கம் இல்ஸே. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. மணிமொழியை நம்பினார்கள்.

நான்கைந்து வாரம் நன்றாகத்தான் போனது. தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பேச்சு முடிகிற நேரத்தில் ஒரு குடும்பம் பெட்டியோடு வந்து இறங்க, மணிமொழி மேசைக்கு ஓடினாள். போனை ஹாலிலேயே சார்ஜில் விட்டுவிட்டுப் போனாள். பிள்ளைகள் தாங்களே பேச்சை முடித்துவிட்டு ஆட்டோ ஏறினார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் இலை துடைத்துக்கொண்டிருந்தபோது மணிமொழி போனோடு சமையலறைக்குள் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

இல்ஸே எழுதியிருந்தார். அன்றைக்கு அவருக்கு விடுப்பு, வேறொரு ஆசிரியை உட்கார்ந்திருந்தாராம். இந்தியப் பிள்ளைகள் "போய்விட்டு வருகிறோம்" என்று சொல்லிவிட்டுத் திரையை மூடினார்களாம். ஏதோ எடுத்துவரப் போயிருக்கிறார்கள் என்று அங்கே மொத்த வகுப்பும் காத்திருந்திருக்கிறது. ஊர்களுக்குப் போகிற பஸ் போய்விட்டது. சிலரைப் பெற்றவர்கள் வந்து அழைத்துப்போனார்கள். மார்தா என்ற பெண் மட்டும் காட்டுச் சாலையில் பனியில் நடந்தே வீடு போயிருக்கிறாள். அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்து சத்தம் போட்டிருக்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவர்களோடு இனி வேண்டாம் என்கிறார் அங்கத்திய தலைமையாசிரியர். புதன்கிழமை ஐந்து மணிக்குப் பிள்ளைகளோடு திரையில் வந்து அவரிடம் நீயே பேசு, அதற்கு மேல் என்னால் முடியாது. இதுதான் செய்தி.

மார்தாவுக்கு இங்கே ஜோடி ஓவியா. ஒன்பதாவது படிக்கிறாள். மணிமொழி அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஓவியா, கட் பண்றப்ப இன்னா சொன்ன?"

"போயிட்டு வரோம்னு சொன்னேன்க்கா. வீ கோ அண்ட் கம்."

"பை சொல்றதுதானடி?"

"பைனா மூஞ்சில அடிச்ச மாதிரி கீதுக்கா. போறோம்னு மட்டும் எப்படிச் சொல்றது?"

மணிமொழி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் புள்ளைங்க திரையையே பாத்துக்கினு இருந்திருக்கும்க்கா" என்றாள். யாரை நினைத்து அப்படி உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரியும். வராத ஆளுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பது அவளுக்குப் பழக்கமான விஷயம்.

புதன்கிழமைக்குச் சரி என்று அப்போதே பதில் போட்டுவிட்டாள். மறுநாள் நான் மளிகைக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. புதன்கிழமைக்கு அரிசி இரண்டு மடங்கு வேண்டும். புதன்கிழமை பௌர்ணமி.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். லட்சக்கணக்கில் சனம் மலையை வலமாகச் சுற்றும். அவ்வளவு கூட்டத்தில் போனுக்கு லைன் கிடைக்காது. அடி அண்ணாமலையிலிருந்து எங்கள் இடத்துக்கு வர வேண்டுமென்றால் அவ்வளவு சனத்துக்கும் எதிரில் நடந்து வரவேண்டும்.

"நாள மாத்தச் சொல்லு மணி."

"வராம உட்டதுக்கே கோவமா கீறாங்க. இதுக்கும் ஒரு சாக்கு சொன்னா?"

முருகவேல் அண்ணனிடம் போனாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "பௌர்ணமிக்கு ஹாலா? பாய் போட்டு எடம் தரேன்னு பஸ்ஸு பஸ்ஸா வர ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன். உன் பள்ளிக்கூடத்த வெள்ளிக்கிழமையோட வெச்சிக்கோ தாயே."

அவள் என்னிடம் வந்து சமையலறைச் சுவரைப் பார்த்தாள். "அக்கா, இன்டர்நெட் ஒயரு இங்க வரைக்கும் எட்டும்" என்றாள். நான் வெங்காய மூட்டைகளை நகர்த்தி இடம் பண்ணினேன்.

புதன்கிழமை ஐந்து மணி. அடுப்பில் சாம்பார் கொதித்தது. காய் நறுக்கும் மேசையில் கம்ப்யூட்டர். திரையில் அவர்கள் வகுப்பு. எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். முன்னால் சாம்பல் கோட்டுப் போட்ட உயரமான மனிதர், அவர்தான் தலைமையாசிரியர். பக்கத்தில் இல்ஸே. இந்தப் பக்கம் மணிமொழி ஒருத்திதான். ராமதாஸ் சார் பிள்ளைகளை மத்தியானமே கிளப்பி நடத்திக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் காணோம். அவருக்குப் போன் போகவில்லை.

பேச்செல்லாம் இங்கிலீஷில். எனக்குப் பாதி புரிந்தது, மீதியை மணிமொழி பிறகு சொன்னாள். முகங்கள் மட்டும் முழுதாகப் புரிந்தன.

"பிள்ளைகள் எங்கே?" என்றார் சாம்பல் கோட்டுக்காரர்.

"வந்துகொண்டிருக்கிறார்கள். நடந்து வருகிறார்கள்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இல்ஸே தலையைக் குனிந்துகொண்டார். மணிமொழி இன்று என்ன விசேஷம் என்று விளக்கத் தொடங்கினாள். வார்த்தை தடுக்கியது. எத்தனையோ வருஷம் பேசிய இங்கிலீஷ் அன்றைக்கு அவளைக் கைவிட்டது. அவர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு பிள்ளை பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"அக்கா, ஒயர புடுங்கறேன்" என்றாள் மணிமொழி.

"லைன் போயிடுமே!"

"வைஃபைல வாசல் வரைக்கும் வந்தாலும் வரும்."

பிடுங்கினாள். திரை அப்படியே உறைந்து நின்றது. சாம்பல் கோட்டுக்காரரின் வாய் பாதி திறந்தபடி இருந்தது. மணிமொழி கம்ப்யூட்டரைத் தாம்பாளம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஹாலில் படுத்திருந்தவர்களைத் தாண்டி வாசலுக்கு ஓடினாள். நான் கரண்டியோடு பின்னால் ஓடினேன். கேட்டருகே போனதும் படம் மீண்டும் அசைந்தது. கம்ப்யூட்டரைச் சாலைப் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

சாலை முழுக்கத் தலைகள். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் போய்க்கொண்டிருந்தன. கம்ப்யூட்டரை நான் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தேன்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. அந்தச் சனத்துக்குள், மதில் ஓரமாக, ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் எங்களைப் பார்த்து வந்தது. ராமதாஸ் சார்! பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டிருந்தார். பின்னால் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி வந்தார்கள்.

விபூதி பூசிய ஒருவர் அவரை மறித்தார். "இன்னா சார், எதிர்ல வரீங்க? அப்பிரதட்சணமா சுத்துனா பாவம்! புள்ளைங்களுக்கும் சேத்து வாங்கித் தரீங்க!"

"நான் மலைய சுத்தலய்யா. பாடம் நடத்தப் போறேன், வழிய உடு!"

கம்ப்யூட்டருக்குள் யாரோ சிரித்தார்கள். சாம்பல் கோட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் திரைக்கு நெருங்கி வந்து பார்த்தார்.

சமையலறைக்குள் எல்லோரையும் அடைத்தோம். வியர்வையும் சாம்பார் ஆவியும். மாறன் என்ற பையன் தண்ணீர்க் குடத்தை அப்படியே தூக்கிக் குடித்தான். ஓவியா ஒற்றைச் செருப்போடு நின்றாள். திரையிலிருந்த தலைமையாசிரியர் அவளைத்தான் கூப்பிட்டார்.

"வருகிறோம் என்று சொன்னது நீதானா?"

"ஆமாம்."

"ஏன் வரவில்லை?"

ஓவியா மணிமொழியைப் பார்த்தாள். மணிமொழி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், எடுத்துக் கொடுக்கவில்லை.

"கிளம்பும்போது நாங்கள் அப்படித்தான் சொல்வோம்" என்றாள் ஓவியா. "போகிறேன் என்று சொல்ல மாட்டோம்."

"அந்தச் சொல் உங்கள் மொழியில் கிடையாதா?"

"இருக்கிறது. வாசலில் நின்று சொல்ல மாட்டோம். சொன்னால்..." தேடினாள். "சொன்னால், திரும்பி வராதவர்கள் மாதிரி."

அந்தப் பக்கம் இல்ஸே அதைத் தங்கள் மொழியில் பிள்ளைகளுக்குச் சொன்னார். தலைமையாசிரியர் யோசித்தார். பிறகு கேட்டார்.

"சரி. வருகிறோம் என்றால், எப்போது?"

ஓவியா விழித்தாள். "நாள் சொல்ல மாட்டோம்."

"காத்திருப்பவர்களுக்கு நாள் தெரிய வேண்டும்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் விட்டுப்போன ஒரு வரியைக் காட்டுவது போலச் சொன்னார். நான் மணிமொழியைப் பார்த்தேன். அவள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

அப்போது மார்தா முன்னால் வந்தாள். சளி பிடித்து மூக்கு இன்னும் சிவந்திருந்தது. ஓவியாவின் காலைக் காட்டி, "நடந்தா வந்தாய்?" என்று கேட்டாள். ஓவியா வெறுங்காலைத் தூக்கிக் காட்டினாள். ஒரு செருப்பு கூட்டத்தில் போய்விட்டது என்றாள். மார்தா கீழே குனிந்து, தன் கனத்த பூட்ஸைக் கழற்றித் திரையில் காட்டினாள். ஓரமெல்லாம் உப்புப் பூத்தது போல வெள்ளைக் கோடு.

"அவளுக்குப் பனி, உனக்கு ஜனம். சரியாப் போச்சு" என்றார் ராமதாஸ் சார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஓவியா சிரிக்கவில்லை. "சாரி மார்தா" என்றாள். மார்தா தோளைக் குலுக்கினாள். தங்கள் படத்தில் கிணறு வருகிற இடம் பாக்கி இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

இல்ஸே கடிகாரத்தைச் சுட்டினார். பஸ் நேரம். தலைமையாசிரியர் எழுந்து நின்றார். வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேச்சை முடித்துத் திரையை மூட வேண்டியது எங்கள் பக்கம்.

ஓவியா வாய் திறந்தாள், மூடிக்கொண்டாள். போயிட்டு வரோம் என்று சொல்ல முடியாது. பை என்றும் அவளுக்கு வரவில்லை. இரண்டு பக்கமும் அத்தனை பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். சாம்பார் அடிபிடிக்கிற வாசனை வந்தது. நான் அடுப்புப் பக்கம் போகவில்லை.

"வீ கோ அண்ட் கம்" என்றாள் ஓவியா. நிறுத்தினாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஃப்ரைடே" என்றாள்.

சாம்பல் கோட்டுக்காரர் இல்ஸேயைப் பார்த்தார். திரும்பினார். "ஃப்ரைடே. ஒன் தர்ட்டி" என்றார். பிறகு, "இந்த முறை நீங்கள் மூடுவதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் கிளம்புவோம்" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மணிமொழி விரலை நீட்டினாள். அழுத்த மனம் வராமல் அது கொஞ்சம் நின்றது. அப்புறம் மூடினாள்.

"சாம்பார் இன்னாம்மா ஆச்சு? அம்பது பேரு உக்காந்துட்டாங்க!" என்று முருகவேல் அண்ணன் ஹாலிலிருந்து கத்தினார். பிள்ளைகளுக்கு இலையில் சோறு போட்டு, அடிபிடிக்காத மேல் சாம்பாரை ஊற்றினேன். என் பழைய செருப்பு ஓவியாவுக்குப் பெரிதாக இருந்தது, போட்டுக்கொண்டாள்.

"வாங்க வாங்க, இனிமே கூட்டத்தோடவே போலாம்" என்று ராமதாஸ் சார் பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டார். கேட்டருகே போனதும் ஓவியா திரும்பினாள்.

"போயிட்டு வரோம்க்கா!"

மணிமொழி மேசையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எப்போ?"

"வெள்ளிக்கிழமைக்கா!"