பல்லாவரத்துக்கு ஃபிலிம் போன வெள்ளிக்கிழமை

எஸ்தர் இறந்த செய்தி தொலைபேசியில் வந்தது. மறைமலை நகரில் நான் இப்போது வேலை பார்க்கும் தொழிற்சாலையில் காலை டீ இடைவேளை. மறுமுனையில் அவருடைய கணவர் தேவராஜ் பேசினார். "நேத்து சாயங்காலம் போயிட்டா சார். கஷ்டப்படல. மக போட்டுக் குடுத்த காப்பிய குடிச்சா, கண்ண மூடினா, அவ்வளவுதான்." சிறுநீரகக் கோளாறோடு ஒன்றரை வருடம் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். அதனால் முதலில் வந்தது நிம்மதிதான். அழுகை, மாலை பஸ்ஸில் வீடு திரும்பும்போது வந்தது.

தாம்பரம் சானடோரியம் பகுதியில் இருந்த நம் பழைய கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தவர்களுக்கு எஸ்தரைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. பின்னால் வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எண்பதுகளின் கடைசியில் நம் கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது எஸ்தர் டைப்பிஸ்ட். அதுவரை சர்க்யூட் போர்டுகளைக் கையால் வரைந்துகொண்டிருந்தோம். இனி ஒவ்வொரு பாகத்தின் வடிவத்தையும், அதன் எந்தக் கம்பிக் கால் எங்கே வரும் என்பதையும் ஒருமுறை கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் போதும், எந்தப் போர்டுக்கும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அந்தத் தொகுப்புக்கு லைப்ரரி என்று பெயர். வேகமாக டைப் அடிப்பார் என்ற ஒரே காரணத்தால் அந்த வேலை எஸ்தருக்குப் போனது. அவர் படித்தது பி.ஏ. வரலாறு.

ஆறே மாதத்தில், இன்ஜினியர்களான எங்களுக்குத் தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஒரே எண் உள்ள டிரான்சிஸ்டரை இரண்டு கம்பெனிகள் செய்யும். ஒன்றில் மூன்று கால்களும் ஒரு வரிசை, மற்றதில் நேர் எதிர் வரிசை. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். "எங்க தெருவுலயே மூணு மேரி இருக்காங்க சார். இனிஷியல் போடாம லெட்டர் போட்டா யார் வீட்டுக்குப் போகும்?" என்று கேட்டார். ஒவ்வொரு வகைக்கும் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்தார். ஒரு போர்டில் பயன்பட்டுவிட்ட பாகத்தை யாரும் திருத்தக் கூடாது, மாற்றம் வேண்டுமென்றால் புதுப் பெயரில் இன்னொன்று போட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம்.

எல்லாம் சரியாகச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். எதையும் அழிக்க விடாததால் பிளாப்பிகள் ஒரு பீரோவை நிறைத்தன. ரிலே என்ற ஒரு சாதாரண சுவிட்சுக்கே ஒன்பது வடிவங்கள் இருந்தன, எதை எடுப்பதென்று புதிதாக வந்தவர்கள் திண்டாடினார்கள். அதை வைத்து எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் அவராகவே வந்து, "பழசு இருக்கட்டும் சார். ஆனா இப்ப எத எடுக்கணும்னு ஒரு லிஸ்ட் அடிச்சு ஒட்டிடறேன். நீங்க சொன்னதுல நியாயம் இருக்கு" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வேறு கம்பெனி டிரான்சிஸ்டர் வந்திறங்கியிருந்தது. நான் செய்துகொண்டிருந்த புதுப் போர்டை அன்றே முடிக்க வேண்டும். எஸ்தர் தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக லீவு. நானே லைப்ரரியைத் திறந்தேன். பழைய டிரான்சிஸ்டரின் கால் வரிசையைத் திருப்பிப் போட்டு, அதே பெயரில் சேமித்தேன். ஐந்து நிமிட வேலை. யாரிடமும் சொல்லவில்லை. என் போர்டு நன்றாக வேலை செய்தது. நானும் மறந்துபோனேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பழைய போர்டுக்கு மறுபடி ஆர்டர் வந்தது. குறைமாதக் குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டருக்கான போர்டு அது. ஒரு திருகுத் துளையை மட்டும் நகர்த்த வேண்டியிருந்ததால் கம்ப்யூட்டரில் திறந்து, கோடுகளைச் சரிசெய்து, அந்தப் படத்தை ஃபிலிமில் எடுத்து, பல்லாவரத்தில் போர்டு செய்து தரும் கரீம் பாயின் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். திறந்தபோதே லைப்ரரியிலிருந்து என் திருத்தம் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஸ்டோரில் அந்தப் போர்டுக்கென்று எடுத்து வைத்திருந்ததோ பழைய வகை டிரான்சிஸ்டர். சூடு அதிகமானால் ஹீட்டரை நிறுத்துவது அதன் வேலை. தலைகீழாகப் பொருத்தினால் அது நிறுத்தும் என்று நம்ப முடியாது.

வெள்ளிக்கிழமை மதியம், ஃபிலிமின் நகலைப் பழைய தாளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்த எஸ்தர் எழுந்து வந்தார். "சார், இது நான் போட்டது இல்ல. லைப்ரரில தேதி மாறியிருக்கு. வண்டிய எடுங்க."

என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். சந்தை நாள். பல்லாவரத்தில் கோழிக்கூண்டுகளுக்கும் பழைய சாமான்களுக்கும் நடுவே வண்டி ஊர்ந்தது. பாதி வழியில் எஸ்தர் இறங்கி ஓட ஆரம்பித்தார். வண்டியை நிறுத்திவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

கரீம் பாய் வாசலில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய், எங்க ஃபிலிம்?"

"உள்ள கீதும்மா. காலைலேந்து கரெண்டு இல்ல, ஒரே பேஜாரு. லைட் இல்லாம எப்டி ஃபிலிம ஸ்கிரீன்ல ஏத்தறது? கவரக்கூட பிரிக்கல."

எஸ்தர் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ சொல்லி அனுப்பினார். டீ வந்த பிறகு எஸ்தர் மெதுவாகக் கேட்டார்: "அம்மாவுக்கு ஆபரேஷன் அன்னிக்கு லைப்ரரிய தொட்டது நீங்கதானே சார்?" நான் தலையாட்டினேன்.

விஷயம் தெரிந்ததும், மறுநாள் காலை முதலாளி எல்லோர் முன்னிலையிலும் எஸ்தரைத்தான் பிடித்தார். "லைப்ரரி உங்க பொறுப்புதானேம்மா? இதே மாதிரின்னா நீங்க டைப்பிங்குக்கே போயிடுங்க." நான் இரண்டடி தள்ளி நின்றேன். வாய் திறக்கவில்லை. இன்றும் நினைத்தால் கூசுகிறது.

சாப்பாட்டு நேரத்தில் எஸ்தர் என் மேஜைக்கு வந்தார். குரலில் கோபமே இல்லை. "சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன் சார். நீங்க சொல்லலன்னா நான் போய்ச் சொல்லிடுவேன். எனக்கு இந்த வேலை வேணும்."

நான்கு மணிக்கு முதலாளி அறைக்குள் போனேன். மூன்றே வாக்கியம். அவர், "கொழந்த படுக்கற பெட்டிய்யா அது" என்றார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். "போய் அந்தம்மாவ வரச் சொல்லு. நான் மன்னிப்புக் கேக்கணும்" என்றார். அன்று சானடோரியம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறும்போது, நீண்ட காய்ச்சல் விட்ட உடம்புபோல இருந்தது எனக்கு. திங்கட்கிழமை முதல் எஸ்தரைத் தவிர யாரும் லைப்ரரியைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த விஷயத்தை அவர் அதன்பின் ஒருமுறைகூட என்னிடம் எடுத்ததில்லை.

போன மாதம் இங்கே ஒரு வரைபடத்தில் அளவு ஒன்றைத் தவறாகப் போட்டுவிட்டேன். யாரும் கவனித்திருக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மேலாளரிடம் போய், நான்தான் செய்தேன், இன்றே திருத்திவிடுகிறேன் என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். நான் போய் வயிறாரச் சாப்பிட்டேன். எஸ்தர் எனக்கு விட்டுப்போனது அதுதான்.