பொட்டு வைத்த தோட்டாக்கள்

முதல் வெடியிலேயே எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. என் கணவருடைய துவக்கு பழைய பட்டாளத்துத் துவக்கு. நிமிர்த்தி வைத்தால் என் தோளுக்கு வரும். வெடித்த வேகத்தில் அது பின்னால் வந்து உதைத்த உதையில், வலது தோள் மூன்று நாள் கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தது. நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்தேன். மேல்தட்டுப் போத்தலை எடுக்கக்கூடக் கை உயரவில்லை. அதைவிட மோசம், அடுத்த தடவை விசையைத் தொடும் முன்னமே கண் தானாக மூடிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் மானா விழும்?

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னில், நோபல் பார்க்கில் குடியிருந்தோம். இவர் வேலை செய்த பட்டறையில் ஆட்களை மேய்க்கிற போர்மன் ஒரு வெள்ளைக்காரர், மான் வேட்டையில் பைத்தியம். அந்தப் பைத்தியத்தை இவருக்கும் தொற்ற வைத்துவிட்டார். சனி ஞாயிறு வந்தால் இவர் காட்டில், நான் வீட்டில் சுவரைப் பார்த்தபடி. எத்தனை தரம்தான் தோய்த்த உடுப்பையே தோய்ப்பது? நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கிப்ஸ்லாண்ட் மலைகளில் திரிகிற பெரிய மான் எங்கள் வன்னிக்காட்டு மரைதான், அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து கப்பலில் ஏற்றிவந்து விட்டார்களாம் என்று போர்மன் சொன்ன நாளிலிருந்து ஆசை இரட்டிப்பாகிவிட்டது. ஊர்க்காரரைப் போய்ப் பார்க்காமல் இருக்கலாமா?

போர்மனிடம் ஒரு சட்டம் இருந்தது. எண்பது மீற்றரில் ஒரு சாப்பாட்டுத் தட்டை மாட்டுவார். ஐந்து வெடியும் அதற்குள் விழுந்தால்தான் காட்டில் துவக்குத் தொடலாம். இல்லையென்றால் கூடாரத்தில் இருந்து தேத்தண்ணீர் ஊற்ற வேண்டியதுதான். தேத்தண்ணீர் ஊற்றுவதற்கு நான் மலையேறத் தேவையில்லை, அதை வீட்டிலேயே செய்துகொண்டுதான் இருந்தேன்.

இவர் தோட்டாக்களை வீட்டிலேயே செய்வார். வெடித்த வெற்றுக் கோதுக்குள் புதிய வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே பாய்கிற ஈயச் சன்னத்தை வைத்து இறுக்குவது. இடம் எங்கள் குசினி மேசைதான், அடுப்பை அணைத்துவிட்டு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அளவுப் புத்தகத்தை நான் கையில் எடுத்தேன். ஒவ்வொரு மருந்துக்கும் ஆகக் கூடிய அளவு, ஆகக் குறைந்த அளவு என்று இரண்டு போட்டிருந்தது. குறைந்ததற்குக் கீழே போனாலும் ஆபத்து என்றும் எழுதியிருந்தது. இவர் எப்போதும் மேல் அளவுக்குக் கிட்டவே நிற்பவர். நான் கீழ் அளவில் நின்றேன். பகல் முழுக்கக் குழந்தைகளின் மருந்தை நிறுத்துக் கொடுக்கிற கை. வெடிமருந்தில் ஒரு மணி கூடாது, குறையாது.

“பத்தியத் தோட்டா!” என்று இவர் சிரித்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைப்பது மாதிரியாம். போர்மனுக்கும் போய்ச் சொன்னார். இது பெண்களின் தோட்டா, நான் தொடுவதில்லை என்று. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு வகையும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, என்னுடையவற்றின் அடியில் நெருப்புக்குச்சி முனையால் சாந்துப்பொட்டு ஒன்று வைத்தேன், கடுகளவு.

பத்தியத் தோட்டா என் தோளைச் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனது. கண் மூடவில்லை. போர்மனின் தட்டுக்குள் நான்கு நடுவில், ஒன்று விளிம்பில். அவர் தொப்பியைக் கழற்றினார். எனக்குக் காற்றில் நடக்கிற மாதிரி இருந்தது.

ஈஸ்டர் விடுமுறைக்கு மலையேறினோம். இவரும் நானும் ஒரே துவக்கை மாறி மாறிப் பிடிப்பதாக ஏற்பாடு. முதல் நாள் காலை, குளிரில் விரல் விறைக்க, என் பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன். பத்துத் தோட்டா, பத்திலும் பொட்டு. ஆனால் எட்டில் இருந்தது கடுகளவு இல்லை; கல்யாண வீட்டில் அவசரத்தில் பெருவிரலால் இழுத்துவிட்ட பொட்டு.

“இதென்ன?” என்றேன்.

இவர் நெருப்பில் கொதிக்கிற கேத்தலைப் பார்த்தபடி சொன்னார்: “ஆயுத பூசை செய்தனான்.”

“சித்திரையில என்ன ஆயுத பூசை?”

நான் ஒவ்வொன்றாக எடுத்துக் காதடியில் குலுக்கினேன், சந்தையில் தேங்காய் பார்க்கிற மாதிரி. மருந்து குறைவென்றால் கோதுக்குள் இடம் இருக்கும், மருந்து சலசலக்கும். முழுத் தோட்டா வாயே திறக்காது. இரண்டு சலசலத்தன. எட்டு ஊமை.

கோபம் உச்சிக்கு ஏறியது. என் குறி முழுக்கப் பத்தியத் தோட்டாவுக்குப் பழகியது. ஊமையைப் போட்டுச் சுட்டால் கண் மூடும், சன்னம் வேறெங்கோ விழும், அந்த வாயில்லாச் சீவன் குற்றுயிராகப் பற்றைக்குள் ஓடும். அதைச் சொல்லி நன்றாக ஏசினேன். ஏசி முடியும் வரை இவர் தலை நிமிரவில்லை.

“எனக்கும் தோள் நோகுதப்பா. கன நாளா,” என்றார்.

சனிக்கிழமைப் பயிற்சிக்கு என்னுடையதை எடுத்துப் போய்ச் சுட்டுவிட்டு, எண்ணிக்கை குறையாமல் தன்னுடையதில் பொட்டு வைத்துத் தகரத்தில் போட்டிருக்கிறார் மனுசன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எட்டு ஊமையையும் கூடாரத்துப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, சலசலத்த இரண்டையும் என் பையில் போட்டேன்.

ஒன்பது மணியளவில் ஓடைக்கு அப்பால் ஓர் இளம் ஆண் மரை வந்து நின்றது. எழுபது மீற்றர்கூட இருக்காது. மூச்சை அடக்கி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சுட்டேன். நின்ற இடத்திலேயே விழுந்தது. எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. அதை ஒளிக்கவில்லை.

போர்மன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு இவரைப் பார்த்துக் கண்ணடித்து, அந்தப் பெண்களின் தோட்டாவா விழுத்தியது என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். சொல்வதும் விடுவதும் அவர் பாடு. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இதுதான்:

“பொம்பிளையளின்ரை இல்லை. நானும் அதைத்தான் சுடுறன். இவதான் எனக்கும் செய்து தாறவ.”

போர்மன் தன் வலது தோளைத் தடவியபடி, தனக்கும் ஒரு பெட்டி செய்து தர முடியுமா என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

அடுத்த கிழமையிலிருந்து எங்கள் குசினியில் ஒரே வகைத் தோட்டாதான். சாந்துப் போத்தலைக் குசினியிலிருந்து எடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடி மேசையில், அதன் பழைய இடத்திலேயே வைத்தேன்.