யாரும் வெட்டாத நாடா

செய்தி வந்தபோது நான் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன். பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு மளிகைக்கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த நேரம். கடை முதலாளி தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்குத்தான். ஆயர் ஈத்தாம்லேருந்து கூப்புடுறாங்க. யாரோ அக்கா போயிட்டாங்களாம்."

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. கையில் இருந்த எழுத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். பாதியில் விட்டால் சாயம் காய்ந்து ஒரே எழுத்து இரண்டு நிறமாகிவிடும். இதை மற்றவர்கள் கல்நெஞ்சம் என்பார்கள். ஈஸ்வரி அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

ஞானேஸ்வரிக்கு, அதாவது நம் ஈஸ்வரிக்கு, சங்கத்தில் இரங்கல் கூட்டம் நடத்தப் போகிறீர்கள், அதற்கு ஒரு மலரும் போடுகிறீர்கள், அதில் நான் எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். கூட்டத்தில் படத்திறப்பும் உண்டாம். படத்தைத் திறக்க டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகர் வருகிறாராம். நல்லது. எழுதுகிறேன். ஆனால் எனக்கு இனிக்க இனிக்க எழுத வராது என்பது உங்களில் பலருக்கும் தெரியும். படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த கிராணி குடும்பத்தில் பிறந்தவர். கப்பல் கம்பெனி அலுவலகம் ஒன்றில் தட்டெழுத்தாளராக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுபதுகளின் கடைசியில், ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் இந்தக் காலத்து ஓவியங்களை மாட்டி, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தார். விற்பனை கிடையாது, நுழைவுச்சீட்டு கிடையாது. நாலு பேர் வந்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அந்த நாலு பேருக்காகத்தான் பதினைந்து வருடத்துக்கும் மேலாக அவர் உட்கார்ந்திருந்தார்.

பலகை எழுதத்தான் என்னை முதலில் கூப்பிட்டார். 'கலைக்கூடம்' என்று பென்சிலில் வரைந்து காட்டினேன். முன்பாதியைக் கையால் மறைத்துப் பார்த்தார்.

"கூடம் போதும் அண்ணே. கலைன்னு போட்டா நம்ம ஆளுங்க வாசல்லயே தங்களோட செருப்பப் பாத்துக்கிட்டுத் திரும்பிப் போயிடுவாங்க."

"கூடம்னு மட்டும் போட்டா கல்யாண மண்டபம்னு நெனச்சிக்குவாங்க."

"நெனக்கட்டும்லா. உள்ள வந்த பெறகு ஏமாறட்டும்."

தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் நான்கிலும் எழுதினேன். எழுதிவிட்டுப் போயிருக்கவேண்டும். சட்டம் மாட்ட ஆணி அடிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று வாயைக் கொடுத்தேன். அதோடு மாட்டிக்கொண்டவன்தான்.

முதல் கண்காட்சிக்கு யார் பிரமுகர் என்று ஊரே கேட்டது. நம்மவர்களுக்கு மாலை போட ஒரு கழுத்து வேண்டும். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, பேசி முடித்து, பந்தியில் மீகூன் தீர்ந்ததும் கலைந்து போவது நமது வழக்கம். மேடைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எவரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஈஸ்வரி யாரையும் அழைக்கவில்லை. வாசலின் குறுக்கே ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினார். கத்திரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யார் முதலில் வருகிறார்களோ அவர்தான் திறப்பாளர் என்றார்.

முதலில் வந்தவர் ரொட்டி பாய். இராமநாதபுரத்துக்காரர். சைக்கிளின் பின்னால் ரொட்டிப் பெட்டி கட்டித் தெருத் தெருவாக மணியடித்து விற்பவர். புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள் போலிருக்கிறது, வாடிக்கை பிடிக்கலாம் என்று எட்டிப் பார்த்திருக்கிறார். ஈஸ்வரி எழுந்து கத்திரிக்கோலை நீட்டினார். பாய் என்னைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் நின்ற குழாயில் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பிஸ்மில்லா சொல்லி வெட்டினார். பிறகு ஒரு படம் விடாமல் நின்று நின்று பார்த்தார். எங்கள் சங்கத்துத் தலைவர்கள் அத்தனை பேரும் சேர்ந்தும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா ஒரு படத்துலயும் யாரும் சாப்புடக் காணமே."

ஈஸ்வரி அன்றைக்குச் சிரித்த மாதிரி அப்புறம் சிரித்து நான் பார்க்கவில்லை. அது முதல் எல்லாக் கண்காட்சியும் இப்படித்தான் திறந்தது. பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மா ஒரு தடவை திறந்தார். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் ஒரு தடவை திறந்தார். யாரும் வராமல் இழுத்தால் பாயின் மணி எப்படியும் தெருமுனையில் கேட்கும். ஒருநாள் நேரமாகிறதே என்று நானே கத்திரிக்கோலை எடுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களும் நானும் வந்தவங்க இல்ல அண்ணே. உள்ள இருக்கறவங்க. உள்ள இருக்கறவங்க வெட்டக்கூடாது."

இந்தச் சட்டத்தை அவர் எங்கே படித்தாரோ தெரியாது. கோயில் பூசாரிகூட அவ்வளவு கறாராக இருக்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளைப் பற்றி உங்களில் சிலர் பெருமையாகப் பேசிக் கேட்டிருக்கிறேன். அதனால் அது எப்படி நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் வந்தார்கள். கெடாவிலும் பேராவிலும் உள்ள தோட்டங்களிலிருந்து வந்து, பாயான் பாருவில் ஒரு வீட்டில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று தங்கியிருந்த பிள்ளைகள். வாரம் முழுதும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய கம்பியைப் பார்க்கிற வேலை. முதல் நாள் எல்லாரும் தாளின் ஒரு மூலையில் எறும்பு அளவுக்குப் பூ வரைந்தார்கள். ஈஸ்வரி தாளையெல்லாம் வாங்கிக்கொண்டு, கட்டில் விரிப்பு அளவுக்குப் பழுப்புத் தாளைத் தரையில் விரித்தார்.

"வாரம் பூரா சின்னதையே பாக்கறீங்க. இங்க வந்தும் அதானா? பெருசா எதாச்சும் போடுங்க."

சாந்தி என்ற பெண் தன் கட்டைவிரலை வரைந்தாள். கதவு உயரத்துக்கு ஒரு கட்டைவிரல். ரேகை, நகத்தோரம் உரிந்த தோல், கம்பி குத்திய புள்ளிகள், ஒன்றும் விடவில்லை. அதற்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

"என்னாடி இது, முள்ளு முள்ளா துரியான் பழம் மாதிரி இருக்கு" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஒன் மூஞ்சிய வரஞ்சிருந்தா அப்படித்தான்டி இருக்கும்" என்றாள் சாந்தி, தலை நிமிராமலே.

மற்றவர்களும் வரைந்தார்கள். ஒருத்தி தொழிற்சாலை பஸ்ஸின் ஜன்னல்களை மட்டும் வரைந்தாள். எல்லா ஜன்னலிலும் தூங்குகிற தலைகள். இன்னொருத்தி சோற்றுப் பானை வரைந்தாள். ரொட்டி பாய் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். அவர் அதற்குள் ஊருக்கே போய்விட்டார். இந்தப் படங்களை மட்டும் மாட்டி ஒரு கண்காட்சி வைக்கவேண்டும், அந்தப் பிள்ளைகள் தங்கள் படம் சுவரில் இருப்பதைத் தாங்களே நின்று பார்க்கவேண்டும். ஈஸ்வரி இந்த ஒன்றுக்குத்தான் ஆசைப்பட்டார். வேறு எதையும் அவர் கேட்டு நான் அறியேன்.

அதற்குள் வீடு கைமாறியது. புதிய சொந்தக்காரர் வந்து, மரியாதையாகவே, காலி செய்யச் சொன்னார். அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். படங்களை நான்தான் மாட்டினேன். கட்டைவிரல் எதிர்ச்சுவர் முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஈஸ்வரி புதிதாகச் சிவப்பு நாடா வாங்கி வாசலில் கட்டினார். கத்திரிக்கோலோடு உட்கார்ந்தார்.

காலை போனது. யாரும் வரவில்லை. நண்பகலில் பாயான் பாருவில் அந்தப் பிள்ளைகள் இருந்த வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். வீட்டுக்காரம்மாதான் எடுத்தார். அவசர ஆர்டராம். ஞாயிறானாலும் எல்லாரும் ஓவர்டைம் வரவேண்டும் என்று விடியும்போதே பஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டதாம். நம் பெரியவர்களைக் கேட்பானேன். அன்று முகூர்த்த நாள். எல்லாருக்கும் ஒரு கல்யாணம் இருந்தது. அஞ்சடி வழியாக ஆட்கள் போனார்கள், வந்தார்கள். ஒருவர் நாடாவுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார். ஈஸ்வரி எழுந்தார். அவர் பஸ் நிலையத்துக்கு வழி கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

வெயில் இறங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"குடு, நான் வெட்டறேன். சட்டமாம் சட்டம். யாருக்கு இந்தச் சட்டம்?"

"வேணாம் அண்ணே."

"நாளைக்கு சாவி குடுக்கணும் ஈஸ்வரி."

"குடுப்போம். இத வெட்டலல்ல. தொறக்காத ஒண்ண மூடிட்டாங்கன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல."

முடிச்சுகளைத் தன் நகத்தால் அவிழ்த்தார். நாடாவைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பேச்சு கேட்க அழகாகத்தான் இருந்தது. எனக்கு அன்றைக்கும் அதில் நம்பிக்கை இல்லை, இன்றைக்கும் இல்லை. வீடு போய்விட்டது. மூடியாகிவிட்டது. அவ்வளவுதான்.

பிறகு இடம் தேடி அலைந்தோம். கோயில் மண்டபத்தில், சாமி படமாக இருந்தால் யோசிக்கலாம் என்றார்கள். பள்ளியில், விரல் படத்தைப் பிள்ளைகள் பார்த்தால் பயப்படும் என்றார்கள். சங்கத்தில், ஒரு டத்தோவை அழைத்து வாருங்கள், எல்லாம் நடக்கும் என்றார்கள். ஈஸ்வரி ஒருவரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டேன். படங்களைச் சுருட்டி, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். நோய் வந்தபிறகும் அதே கட்டிலில்தான் படுத்திருந்தார். போகும்போதெல்லாம், "எடம் கெடச்சிச்சா அண்ணே?" என்பார். "கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்பேன். கடைசி தடவை அவர் கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார். நான் ஜன்னல் வழியாகப் பினாங்கு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாவு வீட்டுக்கு எல்லாரும் வந்தீர்கள். நடைபாதையில் நிற்க இடமில்லை. படி வரைக்கும் கூட்டம். கூடத்துக்கு ஒருநாள்கூட வராத முகங்களை அங்கே பார்த்தேன். இருக்கிறபோது ஒரு வாய் தண்ணீர் கொடுக்காதவன் செத்தபிறகு பால் ஊற்ற வந்தானாம். உடலைக் கிடத்த இடம் வேண்டுமென்று கட்டிலை வெளியே எடுத்தார்கள். அடியில் இருந்த சுருள்களையும் எடுத்து, நடைபாதையில் செருப்புகளின் பக்கத்தில் சாத்தினார்கள். உங்களில் ஒருவர் அவற்றின் மேல் குடையை மாட்டி வைத்திருந்தார். நான்தான் எடுத்தேன். அது யாருடைய குடை என்று சொல்லப் போவதில்லை.

தொழிற்சாலைப் பெண்கள் ஷிப்டுக்குப் போகிற வழியில் வந்தார்கள். டிரைவர் மனிதர் நல்லவர், கீழே பஸ்ஸை நிறுத்தியிருந்தார். சாந்திக்கு இப்போது கண்ணாடி; கண்ணாடி போட்டும் ஒரு கண் சரியாகத் தெரியாதாம். உள்ளே போய்க் கும்பிட்டு அழுதுவிட்டு வந்தவள் சுருள்களைப் பார்த்து நின்றாள். நான் ஒன்றைக் கொஞ்சம் விரித்துக் காட்டினேன். நகம் மட்டும் தெரிந்தது.

"இன்னுமா அண்ணே வச்சிருந்தாங்க?"

"ஒன்னுதுதானே. எடுத்துக்கிட்டுப் போ."

"எங்கண்ணே வைக்கறது? ஹாஸ்டல்ல அடுக்குக் கட்டிலுண்ணே. என் கட்டிலுக்கு மேல இருக்கற செவரு அந்தப் பொண்ணோடது." பக்கத்தில் நின்ற இன்னொருத்தியைக் காட்டினாள். விரித்த சுருளைத் தானே சுருட்டினாள். "அன்னிக்கு நாங்க வந்திருக்கணும். லீவு கேட்டேண்ணே. குடுக்கல."

கீழே ஹாரன் அடித்தது. இறங்கிப் போனார்கள். ஒருத்தியும் தன் படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று ஈஸ்வரியின் தம்பி சொன்னதால், எல்லாப் படங்களையும் என் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். பட்டறை என்றால் பலகைகளும் பெயிண்ட் டின்களும் போக ஓர் ஆள் புரளும் இடம். கட்டைவிரலை மட்டும்தான் மாட்ட முடிந்தது. அதுவும் கூரையில் மடங்கி நிற்கிறது. மற்றவை மூலையில் சுருளாகவே இருக்கின்றன. இரண்டைக் கரையான் பிடித்துவிட்டது. மிச்சத்தையும் அது விடாது என்றுதான் நினைக்கிறேன்.

அவருடைய படத்தை டத்தோ திறக்கும்போது நீங்கள் கைதட்டுவீர்கள். தட்டுங்கள். நான் வரமாட்டேன். அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தப் படங்களும், ஒரு கத்திரிக்கோலும், வெட்டாத சிவப்பு நாடாவும், 'உள்ள இருக்கறவங்க வெட்டக்கூடாது' என்ற ஒரு சட்டமும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாடாவைப் பட்டறை வாசலில் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறேன். போக வர நான் குனிந்துகொள்கிறேன். யாரும் வருவார்கள் என்று நம்பிக் கட்டுவதில்லை. கட்டாமல் இருக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

நேற்றும் கட்டினேன். இருட்டியதும் முடிச்சை அவிழ்த்துச் சுருட்டி வைத்தேன்.