கம்பத்தக்கா

சித்தி யாரிடமாவது பேச வேண்டுமென்றால் முதலில் அவர்கள் தோளை இரண்டு விரலால் தொடுவாள். பிறகு வெளிச்சம் வரும் பக்கமாகத் தன் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். பால் வாங்கி வரச் சொல்வதானாலும் சரி, யாரோ செத்துப்போன செய்தியானாலும் சரி, முறை ஒன்றுதான். தொலைபேசியில் பேசும்போதுகூட ஜன்னலோரம் போய் நின்று முகத்தை வெளியே காட்டிக்கொண்டுதான் பேசுவாள். அவங்க உன் மூஞ்சியப் பாக்கவா போறாங்க என்று சித்தப்பா கேட்பார். அவள் கண்டுகொள்ள மாட்டாள். ஒருமுறை மின்சாரம் போன வீட்டில் எதையோ சொல்ல வந்தவள், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருட்டில் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் அதை இன்றும் நடித்துக் காட்டுவார்கள்.

காரணம் மாமா. அம்மா மூத்தவள், நடுவில் மாமா, கடைசியாகச் சித்தி. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் மாமாவுக்குக் காது போய்விட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். அம்மா பேசுகிற வேகத்துக்கு அவளுடைய உதட்டைப் படிக்க யாராலும் முடியாது. தாத்தாவுக்கோ மீசை வாயை மூடியிருந்தது. கடைசியில் மாமாவுக்குச் சொல்வது சித்தியின் வேலை ஆகிவிட்டது. அவர்கள் வளர்ந்து தனித்தனி வீடுகளுக்குப் போன பிறகும் அது மாறவில்லை. எந்தச் செய்தியானாலும் மாமாவுக்குச் சித்தி சொல்லிவிடுவாள் என்று விட்டுவிடுவோம். அவளும் சொல்லிவிடுவாள்.

எங்கள் ஊரை ஸ்மார்ட் சிட்டி ஆக்கப்போவதாக அறிவித்த வருஷம் தெருக்களில் புதுக் கம்பங்கள் முளைத்தன. ஒரே கம்பத்தில் விளக்கு, கேமரா, ஒலிபெருக்கி, வெப்பத்தை அளக்க ஒரு சின்னப் பெட்டி. பாலத்துக்கு அடியில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் கருவி. இவை எல்லாம் வந்து சேருகிற இடம் நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒரு நீண்ட அறை. சுவர் முழுக்கத் திரைகள். இயந்திரங்களுக்காகக் குளிரூட்டிய அறை என்பதால் மனிதர்கள் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார்கள். குழாய் உடைந்தது, விளக்கு எரியவில்லை என்று வரும் புகார் அழைப்புகளை எடுக்கத்தான் சித்தியை அங்கே வேலைக்கு வைத்தார்கள்.

கம்பங்களில் பேசுவதற்கு முதலில் ஒரு தொழில்முறைக் குரலைப் பதிவு செய்திருந்தார்கள். அழகான குரல்தான். ஆனால் ஏதோ சோப்பு விளம்பரம் என்று நினைத்து யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒருநாள் வெயிலில் கூரைமேல் நின்றபடி பேசிய ஒருவரைச் சித்தி தொலைபேசியில் அதட்டி இறக்கியதை மேலதிகாரி கேட்டார். மறுவாரம் சித்தியின் குரல் பதிவானது. பதிவு அறையிலும் விளக்கைத் தேடி முகத்தைத் திருப்பியிருக்கிறாள்.

அதன் பிறகு நண்பகல் ஆனால் ஊர் முழுக்கச் சித்திதான். "வெயில் ஏறிடுச்சு. வெளியில வேலை செய்யறவங்க நிழலுக்கு வாங்க. தண்ணி குடிங்க." தெருப் பிள்ளைகள் அவளுக்குக் கம்பத்தக்கா என்று பெயர் வைத்தார்கள். சித்தப்பா பேருந்து ஓட்டுநர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மனைவி குரல் கேட்கும். அவள் சொல்லி முடித்ததும் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடிப்பார். ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று ஒரு பயணி கேட்டாராம். "சாயங்காலம் வீட்டுக்குப் போகணுமேங்க" என்றாராம் சித்தப்பா.

அந்தக் குரலை ஒருநாளும் கேட்காதவர் மாமா மட்டும்தான். அவர் தையல்காரர். ஒரு பழைய கட்டடத்தின் பாதி நிலத்துக்குள் இறங்கிய அறையில் கடையும் வீடும். தலைக்கு மேலே, தெரு மட்டத்தில், கம்பி போட்ட ஒரு ஜன்னல். அதற்கு நேர் வெளியே புதுக் கம்பம். அறையின் சொந்த விளக்கில் தைத்தால் கையின் நிழல் ஊசிமேல் விழும். கம்பத்து வெளிச்சம் இடப்பக்கமிருந்து சாய்வாக வருவதால் நிழல் விழாது. வேறு வீடு பார்க்கலாம் என்று சித்தி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். அந்த அறையின் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். படியிறக்கத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டால் உள்ளிருந்து தள்ள முடியாது. மாமா மசியவில்லை. "ஊரே உன் குரல் நல்லாருக்குன்னு சொல்லுது. எனக்கு உன் கம்பத்து வெளிச்சம் போதும்" என்பார்.

காது கேளாதவர்களுக்குக் கம்பம் எப்படிச் சொல்லும் என்று அலுவலகக் கூட்டத்தில் சித்தி கேட்டிருக்கிறாள். கைப்பேசிக்குச் செய்தி போகும் என்று பதில் வந்தது. மாமாவின் கைப்பேசி பொத்தான் டப்பாவுக்குள் கிடக்கும். அது அதிர்ந்தால் ஊசி விலகுகிறதாம்.

மழை நாள்கணக்காகக் கொட்டிய ஒரு சாயங்காலம், மேலே இருந்த அணையைத் திறந்துவிட்டார்கள். ஆற்றோரத் தாழ்வான தெருக்களை உடனே காலி செய்ய வேண்டும். பதிவு செய்தது எதுவும் இதற்குப் பொருந்தாது என்பதால் சித்தி முதல்முறையாக நேரடியாக ஒலிவாங்கியில் பேசினாள். தெருத் தெருவாகப் பெயர் சொல்லி, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லி, திரும்பத் திரும்பச் சொன்னாள். திரைகளில் மக்கள் மூட்டைகளோடு வெளியே வருவது தெரிந்தது. மாமாவின் தெருவிலும் வந்தார்கள். மாமா வரவில்லை.

அம்மாவுக்கு அழைத்தாள். "அண்ணனுக்குச் சொல்லியாச்சா?"

"நீ சொல்லலையா?" என்றாள் அம்மா.

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் மாமாவுக்கும் சொல்லியிருப்பாள் என்றுதான் நாங்கள் இருவருமே நினைத்திருந்தோம். எங்கள் வீட்டிலிருந்து அங்கே போகும் பாலத்தை அதற்குள் அடைத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்தவர் யாருக்கும் அழைப்பு போகவில்லை. அவசரமாகக் கோட்டு ஒன்றை முடிக்க வேண்டியிருந்ததால் மாமா வாசலில் 'கடை மூடியுள்ளது' பலகையை மாட்டியிருந்தார். பார்த்தவர்கள் அவர் ஏற்கெனவே கிளம்பிவிட்டார் என்று எண்ணிக்கொண்டு போனார்கள்.

அப்போது சித்தி செய்ததை, பக்கத்து இருக்கையில் தெருவிளக்குகளைக் கவனிக்கும் பையன் பிறகு எங்களிடம் சொன்னான். அவனை எல்லோரும் விளக்குத் தம்பி என்பார்கள். சித்தி எழுந்து போய், திரையில் மாமாவின் ஜன்னல் இருந்த இடத்தை இரண்டு விரலால் தொட்டாளாம். முகத்தைக் குழல்விளக்கின் பக்கம் திருப்பிக்கொண்டு, "அண்ணே, வெளிய வா" என்றாளாம். பிறகுதான் அவனிடம் திரும்பி, அந்தக் கம்பத்து விளக்கை அணைக்கச் சொன்னாள்.

"அது மட்டும் தனியா அணையாதுக்கா. நாலு தெருவும் சேந்து போயிடும். ஜனம் நடந்துக்கிட்டிருக்கு."

"உள்ள எங்க அண்ணன் இருக்காரு. காது கேக்காது."

வெள்ள நேரத்தில் தெருவிளக்கை அணைக்கவே கூடாது என்பது அந்த அறையின் முதல் விதி. அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு நகர்ந்தான். சித்தி அணைத்தாள், போட்டாள், மறுபடி அணைத்தாள். மீண்டும் போட்டபோது மாமா கழுத்தில் அளவுநாடாவோடு படியேறி வந்து நின்றார். கம்பத்தை அண்ணாந்து பார்த்து வாயசைத்தார். வாழ்நாளெல்லாம் அவர்தான் சித்தியின் உதட்டைப் படித்தவர். அன்று அவள் அவர் உதட்டைப் படித்தாள். "ஏன்டா கண்ணடிக்கிற, கோட்டுக்கு ஒரு கை பாக்கியிருக்கு" என்று கம்பத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் குனிந்தார். தெருவில் தண்ணீர் வருவதைப் பார்த்தார். பார்த்த மனுஷன் ஓடாமல் மறுபடி உள்ளே இறங்கினார். சித்தி அறையே அதிரக் கத்தியிருக்கிறாள். சற்று நேரத்தில் ஒரு கை இல்லாத கோட்டைத் தலைமேல் பிடித்துக்கொண்டு அவர் வெளியே வந்து, கூட்டத்தோடு நடக்க ஆரம்பித்தார்.

இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் இந்த இடத்தில் நிறுத்தி எல்லோரும் சிரிப்பார்கள். சித்தியும் சிரிப்பாள். மீதியை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

அந்த இருட்டில், இரண்டு தெரு தள்ளி, தண்ணீர் கேன் போடும் ஒருவர் நடக்க முடியாத பக்கத்து வீட்டுக்காரரை முதுகில் சுமந்துகொண்டு போயிருக்கிறார். மூடியில்லாத சாக்கடை வாய் ஒன்று கண்ணில் படவில்லை. முதுகில் இருந்தவருக்குச் சிராய்ப்புதான். கேன்காரருக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது. கேனோடு மாடி மாடியாக ஏறியவர் இப்போது கடையில் உட்கார்ந்து ஆர்டர் எடுக்கிறார்.

சித்தி மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. நல்லதுக்குத்தானே செய்தீர்கள், விடுங்கள் என்றார். அடுத்த மழைக்குள் ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக இயக்க வழி செய்தார். இப்போது எச்சரிக்கை வரும்போது, விளக்கு அணையாமலே, கம்பத்தில் ஒரு மஞ்சள் விளக்கு தனியாகச் சிமிட்டும். சாக்கடைகளுக்கும் மூடி வந்தது. வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் சித்தியோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாரையும் விட்டுவிடாத நகரம் என்று பேசுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேலைக்கான நேர்முகத் தேர்வில் நானும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். அன்று சித்தியின் நாற்காலியில் நான் இருந்திருந்தால் எந்தத் தெருவைப் பார்த்திருப்பேன் என்று யோசிக்கிறேன். இன்னும் முடிவுக்கு வரமுடியவில்லை.

"எல்லாத் திரையும் என் எதிர்லதான் இருந்துச்சு. நான் ஒரு ஜன்னலத்தான் பாத்தேன்" என்றாள் சித்தி. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "அணைப்பேன். அதனாலதான் அந்தக் கேன்காரர்கிட்ட போய்ச் சொல்லணும்" என்றாள்.

இந்த மீதி மாமாவுக்கும் தெரியாது. அவருக்குச் சொல்ல வேண்டியவள் இன்னும் சொல்லவில்லை.

கேன்காரரிடம் சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் கிளம்புவாள். கடை வாசலுக்குப் போனதும் அவர் எழுந்து நின்றுவிடுவார். அந்தக் காலோடு எழுந்து நிற்பார். போன மாதம் நானும் கூடப் போனேன்.

"உக்காருங்கண்ணே" என்றாள் சித்தி.

"நீங்க சொல்லித்தானேம்மா அன்னிக்கு எல்லாரும் கிளம்பினோம். பாழாப்போன கரண்டுதான் சதி பண்ணிடுச்சு" என்றார் அவர்.

சித்தி இரண்டு விரலால் அவர் தோளைத் தொட்டாள். கடைக்கு வெளியே வெயில் அடித்த பக்கமாக முகத்தைத் திருப்பினாள். அவள் உதடு ஒருமுறை திறந்து மூடியது.

"ரெண்டு கேன் அனுப்புங்கண்ணே" என்றாள்.

சித்தி வீட்டில் குழாய்த் தண்ணீர் நன்றாகவே வருகிறது. கூடத்தில் நடக்க இடமில்லாமல் கேன்கள் நிற்கின்றன. இந்த வீட்டுக்கு வெள்ளம் வந்தால் அது உள்ளேயிருந்துதான் வரும் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் காரணம் தெரியாது. நாளைக்கும் இரண்டு கேன் வரும்.