இருபது டொலர் சங்கிலி வாள்

2006ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. கனடாவில், மொன்றியல் நகரத்தின் அஹுன்ட்சிக் பக்கம் நாங்கள் வீடு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பின்வளவில் ஒரு மேப்பிள் மரம் பாதி பட்டுப்போய் நின்றது. அதன் கொப்பு ஒன்று கூரையில் உரசிக்கொண்டிருந்தது. வெட்டுகிற ஆள் கேட்ட கூலியைக் கேட்டு எனக்கு மயக்கம் வராத குறை. நானே வெட்டிவிடுகிறேன் என்று வீட்டில் வீரம் பேசித் திரிந்தேன்.

கோடை வந்துவிட்டால் எங்கள் பகுதியில் பழைய சாமான்களை வீட்டு வாசலில் பரப்பி விற்பார்கள். இரண்டு தெரு தள்ளி அப்படி ஒரு வாசலில்தான் மரம் அறுக்கிற அந்தச் சங்கிலி வாளைக் கண்டேன். விலை இருபது டொலர். மலிவு என்றால் எனக்குக் கண் தெரியாது.

வீட்டுக்காரர் வயதான பிரெஞ்சுக்காரர். எனக்கோ ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ தவிர வேறு பிரெஞ்சு வராது. குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்யும் என் மனைவிதான் அவரிடம் கதைத்தாள். இரண்டு வயது மகள் தள்ளுவண்டிலில் இருந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சேருங்கோ, அதின்ர சங்கிலியை நிப்பாட்டுற பிரேக் உடைஞ்சு போச்சாம். கடையில குடுத்துத் திருத்தாமல் ஸ்டார்ட் பண்ண வேண்டாமாம்.”

“இஞ்சத்தைச் சனத்துக்கு எதுக்கெடுத்தாலும் கடைதான்,” என்றேன்.

நான் யாழ்ப்பாணத்தான். சண்டைக் காலத்தில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது, கார்புரேட்டரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள். ஸ்டார்ட் ஆகாத இயந்திரம் ஒன்றைக் கண்டால், அது என்னை நக்கலடிப்பது போலவே இருக்கும். வாங்குவதா விடுவதா என்று முடிவெடுக்க, ஒரு தரம் ஓடுகிறதா என்று பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

வீட்டுக்காரர் யாரோ ஒரு பெண்ணுக்குக் கோப்பைகள் காட்டப் போனார். பக்கத்தில் புல்வெட்டும் மெஷினும் ஒரு பெற்றோல் கேனும் இருந்தன. வாளை நிலத்தில் வைத்து, கார்புரேட்டர் மூடியைக் கழற்றி, பழைய பழக்கத்தில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டேன். இடது கையால் அமத்திக்கொண்டு கயிற்றை இழுத்தேன். முதல் இரண்டு தரமும் ஒன்றுமில்லை.

மூன்றாம் தரம் அது அலறிக்கொண்டு உயிர் பெற்றது. வேகத்தைக் கூட்டும் விசை முழுதாக அமத்தியபடியே இறுகிப்போய் இருந்திருக்கிறது. சங்கிலி சுழன்று தார்த் தரையைக் கவ்வியது. வாள் என் கையிலிருந்து திமிறிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. எதை அமத்தி நிறுத்துவது என்றுகூட எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் ஓடிவந்து, குனிந்து, எதையோ தட்டினார். சத்தம் நின்றது.

அப்போது நான் செய்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்கு ஒரே சந்தோஷம். இயந்திரம் ஓடிவிட்டதல்லவா?

“பாத்தீரே, ஓடுது. பிரேக் இல்லைத்தானே, பதினைஞ்சுக்குத் தருவாரோ எண்டு கேளும்.”

அவள் கேட்கவில்லை. தள்ளுவண்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, இரண்டடி பின்னால் நின்றாள்.

“முதல்ல நிலத்தைப் பாருங்கோ. பிள்ளையின்ர வண்டில் இதிலதான் நிண்டது.”

பார்த்தேன். தாரில் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கீறல். என் காலடியில் தொடங்கி, மகளின் சின்னச் சப்பாத்துகள் தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் போய் முடிந்திருந்தது. நான் மூன்றாம் தரம் கயிற்றைப் பிடித்தபோது, மனைவி என்னவோ மனம் கேட்காமல் வண்டிலைப் பின்னால் இழுத்தாளாம். அப்படியே அந்த வாசலில் குந்திவிட்டேன்.

வீட்டுக்காரர் என்னை ஏசவில்லை. உள்ளே போய் ஒரு கத்தியை எடுத்து வந்தார். கயிற்றை அறுத்து, வாளைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். பிறகு எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் தந்தார்.

மகளுக்கு இது எதுவும் தெரியாது. நாங்களும் அவளிடம் சொன்னதில்லை. அந்த வாளை நினைத்து எனக்கு இப்போது பயம் இல்லை. பிள்ளை தப்பியதைக்கூடக் கவனிக்காமல் ஐந்து டொலர் குறைத்துக் கேட்ட அந்த மனிதனை நினைத்தால்தான் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.